ஐம்பத்திரண்டில் ஏறாத வேலை

நான் பிசியோதெரபிஸ்ட். ஆறு வருடம் ராணுவம் நடத்திய ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ராணுவ மருத்துவமனை என்றதும் பெரிய வளாகம், வாசலில் துப்பாக்கியோடு காவல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று இருந்த சின்ன இடம். இரண்டு டாக்டர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து கொடுக்கிறவர், நான், ஒரு கிளார்க். எல்லோரும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஆட்கள். மேலே ஒரு பொறுப்பு அதிகாரி. ஊர் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

பரமத்தி வேலூரில் ஏறி, நாமக்கல்லில் பஸ் மாறிப் போவேன். கட்டடத்தின் கடைசி அறை என்னுடையது. ஒரு கட்டில், மெழுகு உருக்குகிற தொட்டி, கரண்ட் வைக்கிற மெஷின், கப்பியும் கயிறும். அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். பனியில் நின்று தேய்ந்த முட்டிகள், பக்கவாதத்தில் விழுந்துபோன கைகள், இடுப்பு நிமிராத பெண்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற வேலை இல்லை இது. பிடித்து, மடக்கி, நீட்டி, அவர்கள் வலியில் வைவதைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். தினமும் பதினைந்து பேராவது வருவார்கள். பெஞ்சில் இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. அட்டை எண், தேதி, என்ன செய்தோம் என்ற விவரம், கீழே என் கையெழுத்து. வலது ஓரத்தில் ஒரு கட்டம். அதில் ஓர் எண் எழுத வேண்டும். எந்தச் சிகிச்சை எந்தப் பிரிவின் கணக்கில் சேரும் என்பதற்கு ராணுவ மருத்துவமனைகளுக்கு என்று தனியாக ஒரு புத்தகம் இருந்தது. பொது மருத்துவம் நாற்பத்தொன்று. பல் நாற்பத்தாறு. பிசியோதெரபி ஐம்பத்திரண்டு. வருடக் கடைசியில் மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள். எந்த எண்ணில் எவ்வளவு வேலை ஏறியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த வருடம் யார் இருப்பது, யார் போவது என்று முடிவாகும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கிளார்க். ஜலகண்டாபுரத்துக்காரர். தறி ஓட்டுகிற குடும்பம். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் எங்கெங்கோ ராணுவ மருத்துவமனைகளில் எழுத்தராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். புத்தகத்தைத் திறக்காமலே எல்லா எண்களையும் சொல்வார். நான் சேர்ந்த அன்று சீட்டில் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டேன்.

"அம்மிணி, நீங்க கட்டத்தப் பத்திக் கவலப்படாதீங்க. கீழ கையெழுத்து மட்டும் போட்டு உட்ருங்க, எண்ண நான் போட்டுக்கறேன். மாத்திப் போட்டுட்டீங்கன்னா அதத் திருத்தறதுக்கு மேல எழுதி வாங்கோணும்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாயங்காலம் எண் எழுத யாருக்குத் தெம்பிருக்கும்? சீட்டுகளைக் கட்டி அவர் மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அவர் எண்ணைப் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார். ஆறு வருடமும் அப்படித்தான்.

அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். வேலை பார்க்கிற இடத்தில் மரியாதைக்குச் சொல்கிற அண்ணா இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவர் வீட்டம்மா கொடுத்துவிடுகிற கொள்ளுப் பருப்பில் பாதி எனக்கு வரும், என் தட்டப்பயிறுக் குழம்பில் பாதி அவருக்குப் போகும். என் மாமியார் எதைச் சொன்னார், என் கணவர் வேலை பார்க்கிற லாரி பாடி பட்டறையில் என்ன தகராறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கடைசி வருடம் என் அப்பா இறந்தார். வேலையில் இருக்கும்போதுதான் போன் வந்தது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அண்ணா ஒன்றும் கேட்காமல் வெளியே போய் ஒரு கார் பிடித்து வந்தார். வேலூர் வரைக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். சடங்கு எல்லாம் முடிகிறவரை எங்கள் வீட்டு ஆள்போல நின்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். புறப்படும்போது என் கணவரிடம், "பத்து நாளைக்கு வேலையப் பத்தி அம்மிணி நெனைக்கவே வேண்டாமுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதே வருடம்தான் அவருக்கு வலது தோள் இறுகிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருவதுதான். சட்டை போட முடியவில்லை. தலை சீவ முடியவில்லை. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிக்க முடியவில்லை. நோயாளிகள் வருவதற்கு முன்னால் அவருக்குச் செய்துவிடலாம் என்று, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தின பஸ்ஸில் வர ஆரம்பித்தேன். மூன்று மாதம் தினமும் காலையில் அரை மணி நேரம். மெழுகு ஒத்தடம் கொடுத்து, கையை மெதுவாகத் தூக்கி, வலிக்கிற இடத்தில் நிறுத்தி, இன்னும் ஒரு விரல் அளவு மேலே. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். சுவரில் கை எட்டுகிற உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அவரும் ஓய்வுபெற்ற படைவீரர் என்பதால் அவருக்கும் தினமும் சீட்டு போட்டோம். முதல் நாள் நான் வேண்டாம் என்றபோது, "பண்ணுன வேல பதிவுல இருக்கோணுமுங்க" என்று அவரேதான் சொன்னார்.

கை முழுதாகத் தலைக்கு மேலே போன அன்று அவர் கையை இறக்கி இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு, "நல்லா இருப்பீங்க சாமி" என்றார்.

அந்த வருடம் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் மற்ற எல்லோருக்கும் புதுப்பிக்கிற கடிதம் வந்தது. எனக்கு வந்த கடிதம் இரண்டே வரி. பிசியோதெரபிப் பிரிவில் போதிய வேலை இல்லாததால் அந்தப் பணியிடம் தொடராது.

போதிய வேலை இல்லை. நான் அதை நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தேன். அப்போதுகூட வெளியே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பொறுப்பு அதிகாரியிடம் போனேன். அவர் நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாளைக் காட்டினார். ஐம்பத்திரண்டுக்கு நேரே, ஒரு நாளைக்கு மூன்று பேர்கூட வராத கணக்கு இருந்தது. "நீங்கள் வேலை செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேலே இந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள்" என்றார்.

எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று அண்ணாவிடம் ஓடினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சிஸ்டத்துல ஏதோ தப்பு மாதிரி இருக்குதுங்க. நான் மேல பேசறேன். நீங்க அவசரப்பட்டு எழுதிக் கிழுதிக் கொடுத்துராதீங்க, அப்பறம் ஆகற காரியமும் கெட்டுப் போயிரும்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் அவகாசம் இருந்தது. வாரம் ஒரு தரம் அவருக்குப் போன் செய்வேன். "சொல்லியிருக்கறேனுங்க", "பாத்துட்டு இருக்காங்களாமா", "அடுத்த வாரம் தெரிஞ்சுரும்". மாதம் முடிந்தது. என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதும் அண்ணா எனக்காக முட்டி மோதித் தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். அவரைத் தேற்றி, "விடுங்கண்ணா, உங்களால ஆனதப் பண்ணுனீங்க" என்று சொன்னேன்.

எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் விசாரித்துக்கொண்டு வேலூருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு வருடம் வாரம் மூன்று நாள் என்னிடம் முட்டிக்கு வந்தவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையில் ஒரு காகிதம்.

முட்டி மாற்று அறுவைச் சிகிச்சைக்காகச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவர் அனுமதி கேட்டிருந்தார். முதலில் பிசியோதெரபி செய்து பார்த்துப் பலனில்லை என்று பதிவு இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். பதிவில் அவர் ஒரு நாள்கூட பிசியோதெரபிக்கு வரவில்லை என்று இருந்ததால் மனு திரும்பி வந்துவிட்டது.

"வருசம் பூரா உங்ககிட்ட வந்தேன். ஒரு நாளும் வல்லைன்னு எழுதியிருக்குது. நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்றார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் வந்த தேதிகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் நாற்பத்தொன்று. பொது மருத்துவம், மறு ஆலோசனை. பதிந்தவர் என்ற இடத்தில் கிளார்க்கின் அடையாள எண்.

சிஸ்டம் தவறினால் தேதி போகும், ஆள் போகும். தேதியும் ஆளும் சரியாக இருந்து எண் மட்டும், அதுவும் எப்போதும் ஒரே எண்ணாக, மாறியிருப்பது கையால் செய்த வேலை. இது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆனால் மனது ஏற்கவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜலகண்டாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வீதி முழுக்க விசைத்தறிச் சத்தம். அவர் வீட்டம்மா வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, எத்தன நாளாச்சு ஊட்டுப் பக்கம் வந்து" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அண்ணா பனியனோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டம்மா பெரிய டம்ளர் வேண்டும் என்று சொன்னதற்கு, அவர் பரணை எட்டி வலது கையாலேயே அதை எடுத்துக் கொடுத்தார். வீட்டம்மா சிரித்துக்கொண்டு, "பாருங்க, உங்களாலதான்" என்றார். பிறகு காபி போட உள்ளே போனார்.

நான் காகிதத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். "இது சிஸ்டத்துத் தப்புங்களாண்ணா?"

அவர் அதைப் பார்க்கவே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். தறிச் சத்தத்தில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு டாக்டர் இருக்கிற இடத்துக்குத்தான் ஒரு கிளார்க். ஒரு டாக்டர் என்று ஆகிவிட்டால் கிளார்க் பணியிடம் கிடையாது, டாக்டரே பதிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல், இருமலுக்கெல்லாம் படைவீரர்கள் நேராகச் சேலத்துக்குப் போக ஆரம்பித்ததில் பொது மருத்துவத்தின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது டாக்டர் பணியிடத்தை எடுக்கப் போவதாகப் பேச்சு வந்ததும், என் சீட்டுகளை எடுத்து நாற்பத்தொன்றில் போட ஆரம்பித்திருக்கிறார்.

"அதிகாரிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆருக்கும் தெரியாது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்கண்ணா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பட்டாளத்துல இருந்து வந்த பொறகு எனக்கு அந்தச் சீட்ட உட்டா வேற ஒண்ணுந் தெரியாதுங்க. நீங்க சின்ன வயசு, கைல தொழில் இருக்குது. எங்க போனாலும் பொழச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செய்யும்போது அவர் என்னை மறந்துவிட்டுச் செய்யவில்லை. என்னைப் பற்றி நன்றாக யோசித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார். இவள் தாங்கிக்கொள்வாள் என்று எனக்காக அவரே தீர்மானித்திருக்கிறார்.

வீட்டம்மா காபியோடு வந்தார். நான் வாங்கிக் குடித்தேன். அவர் முன்னால் எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போய்ட்டு வாரேங்க" என்று எழுந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து விடுகிறேன் என்று செருப்பைத் தேடினார் அண்ணா. வேண்டாம் என்றேன்.

ஒரு வாரம் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த மனுசனா?" என்று மட்டும் கேட்டார். சுபேதார் விடவில்லை. உங்கள் வேலைக்காக இல்லாவிட்டாலும் என் முட்டிக்காகவாவது எழுதிக் கொடுங்கள் என்றார். பதிவு மாறியிருப்பதை மேலே எழுதிக் கொடுத்தேன்.

வெளியிலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். யாருக்கு என்ன செய்தேன், அடுத்த முறை எங்கிருந்து தொடர வேண்டும் என்று பார்த்துக்கொள்ள நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதையும் கம்ப்யூட்டர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஆயிற்று.

அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் அண்ணாவின் அட்டை எண் வந்தது. அந்த மூன்று மாதக் காலைகள். முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து நான் அவர் தோளைத் தூக்கிய ஒவ்வொரு காலையும் நாற்பத்தொன்றில் இருந்தது. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் இருந்தவர், நான் கட்டிவைத்த சீட்டை இடது கையால் பிரித்து, தன் வைத்தியத்தையே வேறு எண்ணில் தட்டியிருக்கிறார்.

இன்னும் கீழே என் அப்பா இறந்ததற்கு முந்தின நாள். பதினேழு பேர். பதினேழும் மாற்றப்பட்டிருந்தன. எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கொடுத்த கை, அதற்கு முந்தின சாயங்காலம் இதைச் செய்திருக்கிறது. அதிகாரி, "என்னம்மா, அடுத்த வரி?" என்றார். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு இளைய அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். "எண் எழுதாத சீட்டில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? எல்லாச் சீட்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே?"

நம்பினேன் என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அறிக்கையில் அது எப்படி வந்தது என்றால், வகைப்பாட்டில் பிழை, சம்பந்தப்பட்ட இருவருமே கவனக்குறைவாக இருந்திருக்கிறார்கள் என்று. கிளார்க்குக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. எனக்கு வேலையே இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. சுபேதாரின் பதிவைத் திருத்தினார்கள், அவருக்கு அனுமதி கிடைத்தது. அதில் மட்டும் எனக்குச் சந்தோஷம்.

எண்கள் திருத்தப்பட்டதால் அடுத்த வருடம் பிசியோதெரபிப் பணியிடம் திரும்ப வந்தது. விண்ணப்பித்தேன். நேர்காணல் அன்று சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேஜையில் அண்ணா உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும், "ஒரிஜினல் கொடுங்க மேடம்" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னை மேடம் என்று சொன்னதே இல்லை. சான்றிதழ்களைச் சரியாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருந்தவர்கள் அந்த அறிக்கையைப் படித்திருந்தார்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை ஒருவர் இரண்டு தரம் சொன்னார். வேலை ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது.

நான் இப்போது நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். லாரி டிரைவர்களின் இடுப்பும், கோழிப் பண்ணைகளில் மூட்டை தூக்குகிறவர்களின் தோளும். வேலை நன்றாகத்தான் போகிறது. அவர் சொன்ன மாதிரியே பிழைத்துக்கொண்டேன். அதை நினைக்கும்போதுதான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. அவர் என்னிடம் நடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நடிக்கவில்லை. கார் பிடித்து வந்தது உண்மை. எங்கள் வாசலில் நின்றது உண்மை. அந்த அன்பும் இந்த எண்ணும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டம்மா போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஏனுங்க, நாங்க ஏதாச்சும் தப்பாப் பேசிட்டமுங்களா? நீங்க வர்றதே இல்ல. அவரும் உங்க பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயர்றாரு."

அண்ணா வீட்டில் எதையுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விசாரணை நடந்ததுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"அவரையே கேளுங்களேன் அக்கா" என்றேன்.

"கேட்டுப் பாத்துட்டனுங்க. நீங்களா வேற வேல கெடச்சுப் போய்ட்டீங்கன்னு சொன்னாரு."

அதுவரை சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நானாகப் போய்விட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். எண் என்றால் என்ன, எப்படி மாற்றினார், ஏன் மாற்றினார், எல்லாவற்றையும். அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முடித்ததும், "காபி குடிச்சுட்டுப் போனீங்களே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வெளியே எனக்காக ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னேன்.